உடைந்தால் எப்படி உடையும்?
கண்ணாடி மேசை வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால், நிலாவெளி தாண்டி, களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் இறக்கக்கண்டி வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு மெல்ல மெல்லக் கல்வீடுகள் எழும்பின. சில வீடுகள் உதவித் திட்டங்களில் வந்தவை. சில வீடுகள் கட்டாரிலும் சவூதியிலும் வருடக்கணக்காக உழைத்த காசில் எழுந்தவை. வீட்டுக்குக் கூரை போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, ஹோலுக்குச் செற்றியும் வாங்கி முடிந்ததும் வீட்டுக்காரரின் மனம் அடுத்ததாகப் போவது ஒரு பொருளிடம்தான். செற்றிக்கு நடுவில் வைக்க ஒரு கண்ணாடி டீப்போ.

ஆசை நியாயமானது. விருந்தாளி வந்தால் தேத்தண்ணித் தட்டை வைக்க ஓர் இடம் வேண்டும். பெருநாளுக்கு வட்டிலப்பமும் பொங்கலுக்குப் பலகாரமும் பரப்பி வைக்க வேண்டும். கண்ணாடியாக இருந்தால் சின்ன ஹோலும் அடைத்துக்கொண்டு நிற்காது. அடியில் பதித்த மாபிளும் தெரியும். கடையில் நின்று நாம் கேட்பதெல்லாம் டிசைன் என்ன, விலை என்ன, தவணைக்குத் தருவீர்களா என்பவை. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கண்ணாடி உடைந்தால் எப்படி உடையும்?

கண்ணாடி என்றாவது உடையக்கூடிய பொருள். நல்ல மேசைக்கும் கூடாத மேசைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நொடியில்தான் வெளியே வரும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திபோல் நீண்ட துண்டுகளாகப் பிளக்கும். மேசை மட்டத்தில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் அந்தத் துண்டுகள் போய்க் குத்துவது மணிக்கட்டையும் தொடையையும் கழுத்தையும். பெரிய இரத்தக் குழாய்கள் ஓடும் இடங்கள் அவை. டெம்பர் கண்ணாடி உடைந்தால் கல்லுப்புப்போல் பொடிப்பொடியாக உதிரும். அதுவும் கீறும், இரத்தமும் வரும். ஆனால் உயிரைக் குடிக்கும் நீளத் துண்டு அதிலிருந்து கிளம்புவது அரிது. கைபேசித் திரைக்கு டெம்பர் ஒட்டக் கேட்கும் நம் பிள்ளைகள், அதே சொல்லை மேசைக்கும் கேட்டு வாங்க வேண்டும். மேசை விடயத்தில் அந்தக் கேள்வியின் பெறுமதி பல மடங்கு.

டெம்பர் கண்ணாடி என்பது வேறொரு பொருள் அல்ல. அதே சாதாரணக் கண்ணாடியைத்தான், வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரம் தீட்டி, துளை வேண்டுமென்றால் துளையும் போட்டு, பிறகு ஓர் உலைக்குள் ஏறத்தாழ 620 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். வெளியே எடுத்த உடனே இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துக் குளிர்விக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் பகுதி பிந்திக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய தோலை உள்நோக்கி இழுக்கும். இதனால் வெளித்தோல் எப்போதும் அமுக்கத்திலும் உள்வயிறு எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். கண்ணாடியில் வெடிப்பு ஆரம்பிப்பது மேற்பரப்பில் உள்ள சின்னஞ்சிறு கீறல்களிலிருந்து. தோல் அமுக்கத்தில் இருந்தால் அந்தக் கீறல் வாய் திறக்காது. அதே தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் இப்படித்தான் வருகிறது. ஆனால் ஒரு வெடிப்பு அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடைபட்டுக் கிடந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் அவிழ்ந்து, பலகை முழுவதும் பொடியாகும்.

இந்த விந்தையை 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கண்டிருக்கிறார்கள். உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீருக்குள் விழவிட்டால் வால்முளைத்த ஒரு துளி கிடைக்கும். அதன் தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியைக் கிள்ளினால் முழுத்துளியும் தூளாகிவிடும். இங்கிலாந்து அரசவைக்கு அதைக் கொண்டுவந்த இளவரசர் ரூப்பர்ட்டின் பெயரால் அதை ரூப்பர்ட் துளி என்கிறார்கள். நம் ஹோலில் கிடக்கும் டெம்பர் மேசைப் பலகை அந்தத் துளியின் தட்டையான உறவுக்காரன். தலை, அதன் நடுப்பரப்பு. வால், அதன் ஓரமும் மூலையும். நடுவில் ஒரு போத்தல் விழுந்தால் தாங்கும் பலகை, மூலையில் தும்புத்தடியின் இரும்புக் கழுத்து ஒருமுறை பலமாக இடித்தால் போய்விடலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால், கடையில் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் சவ்வு வைத்து ஒட்டியது. வாகனங்களின் முன்கண்ணாடி அதுதான். பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார்ட் பெனெடிக்டஸ் 1903இல் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையைக் கைதவற விட்டபோது, உள்ளே காய்ந்து படிந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொண்டதைக் கண்டு அந்த யோசனைக்கு வந்தார். உடைந்தாலும் துண்டுகள் சவ்வோடு ஒட்டி நிற்கும் என்பதால் மேசைக்கு அது இன்னும் நல்லது. விலையும் பாரமும் கூட; கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பதும் குறைவு.

கடையில் நின்று கண்டுபிடிப்பது

திருகோணமலைப் பட்டினத்தில் சிறிய தளபாடக் கடைகளும் இருக்கின்றன, பெரிய கம்பனிகளின் காட்சியறைகளும் இருக்கின்றன. எங்கே போனாலும் முதல் வேலை, குனிந்து பலகையின் நான்கு மூலைகளையும் பார்ப்பது. டெம்பர் செய்த கண்ணாடியின் ஒரு மூலையில், பெருவிரல் நகத்தின் அளவில், அழியாத வெள்ளை முத்திரை ஒன்று இருக்க வேண்டும். தயாரித்தவரின் குறி, ‘டெம்பர்ட்’ என்ற சொல், அல்லது ஐரோப்பிய நியமமான ஈ.என். 12150, இந்திய நியமமான ஐ.எஸ். 2553 போன்ற ஓர் இலக்கம் அதில் இருக்கும். உரித்தெடுக்கக்கூடிய ஸ்டிக்கர் முத்திரை ஆகாது.

முத்திரை இல்லை, கடைக்காரர் மட்டும் டெம்பர்தான் என்று சத்தியம் பண்ணுகிறார் என்றால் இப்படி ஒரு பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்.

“தம்பி, எங்கட ஹோலுக்கு இது நீளம் கூட. கண்ணாடியில ஒரு மூண்டு அங்குலம் வெட்டிக் குறைச்சுத் தருவீங்களா?”

“அதுக்கென்ன அக்கா, பின்னேரம் வாங்க, வெட்டி வைக்கிறன்.”

இந்தப் பதில் வந்தால் அது டெம்பர் இல்லை. டெம்பர் செய்து முடிந்த கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. வைரமுனை தோலைத் தாண்டின உடனேயே முழுப்பலகையும் உதிர்ந்துவிடும். “வெட்ட ஏலாதக்கா, வேற அளவு எண்டா ஓடர் பண்ணித்தான் எடுக்கோணும்” என்று சொல்கிறவர் தன் பொருளை அறிந்தவர்.

போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கடை வாசலில், வானத்து ஒளி பலகையில் பட்டுத் தெறிக்கும்படி சாய்வாகப் பார்த்தால், டெம்பர் கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்று பீய்ச்சிய துளைகளின் அடையாளம் அது. சாதாரணக் கண்ணாடியில் அப்படித் தெரியாது.

ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் முக்கியம். நான்கு பக்கமும் வழுவழுப்பாகத் தீட்டியிருக்க வேண்டும், மூலைகள் வளைந்திருக்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்கு ஒரு சிறு சிதைவு இருந்தாலும் அந்தப் பலகை வேண்டாம். விலையைக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

அடுத்தது தடிப்பு. நான்கு கால்களில் மட்டும் தாங்கி நிற்கும் பலகைக்கு 10 மில்லிமீற்றர் வேண்டும். நாலடிக்கு மேல் நீளமென்றால், அல்லது நடுத்தண்டு ஒன்றில் மட்டும் நிற்பதென்றால் 12. அடியில் மரப்பலகை முழுவதும் தாங்குகிறது, கண்ணாடி மேல்விரிப்பு மட்டும்தான் என்றால் 6 போதும். கால்கள் தாங்கும் இடத்துக்கு வெளியே கண்ணாடி நீட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பிள்ளை ஏறி நிற்பது அந்த நீட்டிய ஓரத்தில்தான்.

நடுச்சாமத்தில் வெடித்த மேசை

ஒருவரும் தொடாமல், நடுச்சாமத்தில், கண்ணாடி மேசை துவக்கு வெடித்ததுபோல் தூளாகிப் போனதாக அங்கங்கே சொல்வார்கள். புது வீடு, புதுச் சாமான் என்றால் கண்ணூறு பட்டுவிட்டது என்றுதான் பேச்சு முடியும். ஓதித் தண்ணீர் தெளிப்பார்கள், மிளகாய் சுற்றி எரிப்பார்கள். வீட்டாரின் மனப்பயத்துக்கு அது ஆறுதல். நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். வெடித்ததற்குக் காரணம் மட்டும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணாடி உருக்கும்போது நிக்கலும் கந்தகமும் சேர்ந்து நிக்கல் சல்பைட்டு என்ற நுண்துணிக்கை எப்போதாவது அகப்பட்டுவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு. உலைச் சூட்டில் அது ஒரு வடிவத்தில் இருக்கும். ஆறிய பிறகு மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக, மெல்ல இன்னொரு வடிவத்துக்கு மாறிப் பருக்கும். அது இழுவிசையில் இருக்கும் நடுவயிற்றில் இருந்துவிட்டால் ஒருநாள் பலகை வெடிக்கும். இதை முன்கூட்டியே பிடிக்க, டெம்பர் செய்த கண்ணாடியைத் திரும்பவும் சுமார் 290 பாகைவரை சூடாக்கிச் சில மணிநேரம் வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. கெட்ட பலகை அங்கேயே உடைந்துவிடும். ஆனாலும் இது அரிதான காரணம். கூடுதலாக நடப்பது, போன மாதம் மூலையில் பட்ட இடி உள்ளே வளர்ந்து இன்றைக்கு வேலையைக் காட்டுவது. நிலம் சமமில்லாமல் ஒரு கால் தூக்கி நின்று, பலகை முறுகிய நிலையிலேயே கிடப்பதும் ஒரு காரணம்.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு நல்ல மருந்தைக் காட்டியவர் ஒரு சிற்பி. ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த இசாமு நொகுச்சி 1940களில் வடிவமைத்து, ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947 முதல் செய்து விற்ற மேசை இன்றும் உலகம் முழுவதும் பேர்பெற்றது. ஒரே மாதிரி வளைந்த இரண்டு மரத்துண்டுகள். ஒன்றைக் கவிழ்த்து மற்றதோடு ஒரு கம்பியால் பொருத்தியிருப்பார். அதன்மேல் தடித்த கண்ணாடிப் பலகை தன் பாரத்திலேயே மூன்று இடங்களில் அமர்ந்திருக்கும். ஓர் ஆணி, ஒரு பசை கிடையாது. மூன்று புள்ளியில் நிற்கும் எதுவும் எந்த நிலத்திலும் ஆடாது. நம் வீடுகளில் மேசன் கைப்பட இழுத்த சீமெந்துத் தரையும், ஒன்றுக்கொன்று அரை நூல் ஏறி இறங்கும் மாபிளும் சாதாரணம். நான்கு கால் மேசை வாங்கினால் கால்களுக்கு அடியில் திருகி உயர்த்தக்கூடிய றப்பர்ப் பாதம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் றப்பர் வட்டுகள் இருக்க வேண்டும். கண்ணாடி நேரே இரும்பில் உட்காரக்கூடாது.

பாய் விரிக்கும் ஹோல்

வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரும் படங்களில் மேசை வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். நம் ஹோல் அப்படிப்பட்டதல்ல. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு வகுத்த குறைந்த அளவே 500 சதுர அடி. அதில் இரண்டு அறை, குசினி போக மிஞ்சும் ஹோல் பகலில் விருந்தாளிக்கு, பின்னேரம் பிள்ளைகளின் படிப்புக்கு, இரவில் பாய் விரிக்க. வீட்டில் ஒரு கத்தம் ஓதினாலும் கல்யாணப் பேச்சு வந்தாலும் மையித்து வீடானாலும் செற்றியும் மேசையும் முதலில் விறாந்தைக்குப் போகும். ஆகவே நம் மேசை அடிக்கடி தூக்கப்படும் மேசை.

தூக்குவதென்றால் பாரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கு இலகு. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. நாலடிக்கு இரண்டடிப் பலகை 10 மில்லிமீற்றரில் பதினெட்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். 12 மில்லிமீற்றரில் இருபத்திரண்டைத் தாண்டும். சட்டத்தின் பாரம் வேறு. மூன்றடிக்கு ஒன்றரையடிப் பலகை 10 மில்லிமீற்றரில் பத்தரைக் கிலோதான். வீட்டில் தாயும் வளர்ந்த ஒரு பிள்ளையும் சேர்ந்து சிரமமில்லாமல் நகர்த்தலாம். ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு நான் சொல்வது இந்தச் சின்ன அளவைத்தான். கடையில் பெரிய மேசை எடுப்பாகத் தெரிவது, கடை பெரியது என்பதால். கண்ணாடி சட்டத்தில் சும்மா வைத்தபடி இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சும்மா வைத்ததென்றால் இரண்டையும் சேர்த்துத் தூக்கவே கூடாது. பலகையை முதலில் எடுத்துச் செங்குத்தாகக் கொண்டுபோய்ச் சுவரோரம், துணியின்மேல் வைத்துவிட்டுத்தான் சட்டத்துக்கு வர வேண்டும்.

மற்ற அளவுகளுக்கு ஒரு கைமுழமும் கண்ணும் போதும். மேசையின் உயரம் செற்றி இருக்கையின் உயரமோ, ஓரிரு அங்குலம் குறைவாகவோ இருக்கட்டும். நீளம் செற்றியின் மூன்றில் இரண்டு பங்கு. செற்றிக்கும் மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி.

கண்ணாடியின் அழகே அது கண்ணில் படாமல் இருப்பதுதான், ஆபத்தும் அதுவே. கண்ணில் வெண்படலம் விழுந்த வாப்பும்மாவுக்கு, விடியற்காலையில் வுழூ எடுக்க எழும்பும் அப்பாவுக்கு, தவழ்ந்து நடை பழகும் பிள்ளைக்குத் தெளிந்த கண்ணாடி ஓரம் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த இருட்டில் ஹோலைக் கடந்தவர்களின் முழங்காலுக்குக் கண்ணாடி மேசை என்னவென்று தெரியும். ஆகவே சின்னப் பிள்ளையோ வயதானவரோ இருக்கும் வீட்டுக்கு, நான்கு பக்கமும் மரச்சட்டம் சூழ்ந்த கண்ணாடி, அல்லது அடியில் கறுப்போ பழுப்போ பூசிய கண்ணாடி, அல்லது பனிபடர்ந்ததுபோல் மங்கலாக்கிய கண்ணாடி நல்லது. வட்ட மேசையோ நீள்வட்ட மேசையோ என்றால் இன்னும் நல்லது. இடிக்க மூலை இல்லை. பிள்ளை இரண்டு வயது தாண்டும்வரை கண்ணாடி மேசையே வேண்டாம் என்று முடிவெடுக்கும் வீட்டை நான் மெச்சுவேன். பாயும் மரத்தட்டும் அதுவரைக்கும் போதும்.

உப்பும் மணலும்

கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊரில் பத்து வருடம் நிற்கும் மேசை இறக்கக்கண்டியில் மூன்றாம் வருடம் கால் உக்கி நிற்பதற்குக் காரணம் காற்று. மாரியில் வாடைக்காற்று கடலைச் சாரலாக அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். கோடையில் கச்சான் தரைப் பக்கமிருந்து புழுதியும் சூடுமாக வீசும். நிலாவெளியில் உப்பளம் போட்ட கரை இது; உப்பு இங்கே காற்றிலேயே இருக்கிறது. கண்ணாடிக்கு அதனால் பெரிய கேடில்லை. கேடெல்லாம் காலுக்கு.

மினுக்கமாகக் குரோமியம் பூசிய இரும்புக் கால்தான் கடையில் கண்ணைப் பறிக்கும். கடற்கரையில் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். பூச்சில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் உப்பு உள்ளே இறங்கி, பூச்சு செதில் செதிலாக எழும்பும். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அதைவிடப் பரவாயில்லை. ஆனால் வெல்டிங் மூட்டுகளிலும், நிலம் கழுவும்போது நனையும் அடிப்பாதத்திலும் அது துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்வதிலும் தரம் உண்டு. 304 என்ற தரம் கடற்காற்றில் தேத்தண்ணிக் கறைபோல் பழுப்புப் பிடிக்கும், துடைத்தால் போகும். மொலிப்டினம் சேர்த்த 316தான் உப்புக்கு ஈடுகொடுக்கும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டீல் என்று கடையில் காட்டுவார்கள். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 201 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் துரு பிடிக்கும்.

எனக்குக் கேட்டால், இந்தக் கரைக்கு மரக்கால்தான். தேக்கு இருந்தால் தேக்கு. அதைவிட நல்லது பழைய முதிரை, பாலை மரங்கள். திருகோணமலை மாவட்டத்துக் காட்டு மரங்கள் அவை. இடித்த பழைய வீடுகளின் கதவிலும் யன்னல் நிலையிலும் இன்றும் உக்காமல் கிடக்கின்றன. கறையானுக்கும் உப்புக்கும் அசையாதவை. புதிதாக ஒரு மரம் விழுத்தாமல், ஒரு பழைய யன்னல் நிலையைக் கொண்டுபோய் ஊர் ஓடாவியாரிடம் கொடுத்து, பதினாறு அங்குல உயரத்தில் நான்கு கால் அடித்து, மேலே அளவெடுத்துச் செய்வித்த டெம்பர்க் கண்ணாடியை இறக்கினால் எந்தக் காட்சியறையிலும் கிடைக்காத மேசை வரும். கண்ணாடி சட்டத்துக்குள்ளே அரை அங்குலம் தாழ்ந்து உட்காரும்படி காடி வெட்டச் சொல்லுங்கள். ஓரம் முழுவதும் மரத்துக்குள் ஒளிந்துவிடும். இடி படும் இடமே இல்லாமல் போகும். கண்ணாடிக்கு ஓடர் கொடுப்பது மரவேலை முடிந்து, மாரி ஈரம் இறங்கி மரம் ஆறிய பிறகு. மரம் ஊறி வீங்கும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது, ஆகவே சுற்றிவர ஒரு நூல் இடைவெளி விட வேண்டும்.

தரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு தட்டு வைத்து, சிப்பியும் சோகியும் பரப்பிக் காட்டுவது இப்போது ஒரு பழக்கம். கரையில் ஒதுங்கிய சிப்பி அழகுதான். முருகைக் கல்லை மட்டும் தொடாதீர்கள். எதிரே கடலில் தெரியும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிருள்ளதோ இறந்ததோ முருகை எடுப்பது குற்றம். அந்த முருகைக்கு மீன் வந்தால்தான் இந்த ஊர் வள்ளத்துக்கு மீன் வரும்.

கண்ணாடிக்குக் கேடு உப்பால் இல்லை என்றேன், மணலால் உண்டு. கடற்கரை மணலில் நிறைந்திருப்பது படிகக்கல். அது கண்ணாடியைவிடக் கடினம். பிள்ளைகளின் கையிலும் காலிலும் வந்து மேசையில் படிந்த மணலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், ஒவ்வொரு துடைப்பும் ஒரு மெல்லிய கீறல். டெம்பர் செய்ததால் கீறல் விழாது என்று எண்ண வேண்டாம். பலம் வேறு, கடினம் வேறு. முதலில் ஈரத் துணியை அழுத்தாமல் இழுத்து மணலை எடுத்துவிட்டு, பிறகு சவர்க்கார நீர், பிறகு பழைய பத்திரிகைத் தாள். களப்பை அண்டிய கிணறுகளின் தண்ணீர் உவர். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கழுவினால் அது போய்விடும்.

கண்ணாடியே மணலிலிருந்து பிறந்ததுதான். பத்தில் ஏழு பங்கு சிலிக்கா மணல், மிச்சம் சோடாவும் சுண்ணாம்பும். ஆனால் எல்லா மணலும் ஆகாது. இறக்கக்கண்டியிலிருந்து இதே வீதியில் வடக்கே போனால் புல்மோட்டையின் கறுத்த மணல். இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன் என்று உலகம் தேடி வரும் கனிமங்கள் அதில் உண்டு. இல்மனைட்டில் இரும்பு இருப்பதால் கண்ணாடிக்கு அது பகை. இரும்பு சிறிதளவு கலந்தாலே கண்ணாடி பச்சையடிக்கும். மேசைப் பலகையின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் கடற்பச்சை அந்த இரும்பின் நிறம். இரும்பை மிகவும் குறைத்துச் செய்த கண்ணாடியின் ஓரம் வெளிறிய நீலமாகத் தெரியும், விலை கூட. பலத்தில் வித்தியாசம் இல்லை, அதற்காகக் காசு கொட்டத் தேவையில்லை. புல்மோட்டைச் சேர்க்கனின் இனத்துக்குக் கண்ணாடியோடு வேறு உறவு உண்டு. கண்ணாடி உலைகளின் உட்சுவருக்கு வைக்கும் கல், சேர்க்கனிலிருந்து கிடைக்கும் சேர்க்கோனியா கலந்து வார்க்கப்படுவது. உருகிய கண்ணாடி அரிப்பதை அந்தக் கல் நன்றாகத் தாங்கும்.

நம் நாட்டிலும் கண்ணாடி செய்கிறார்கள், ஆனால் ஹொறணைத் தொழிற்சாலை செய்வது போத்தல். மேசைக்கும் யன்னலுக்கும் வேண்டிய தட்டைக் கண்ணாடி கப்பலில் வருகிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. அதற்கு முன் இரு பக்கமும் அரைத்து மினுக்க வேண்டியிருந்ததால் கண்ணாடி மேசை பணக்காரர் பொருளாகவே இருந்தது. நமக்கு அக்கரையில், சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரிலும் 2000ஆம் ஆண்டு முதல் அந்த முறையில் செய்கிறார்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தபோது கண்ணாடி விலையும் ஏறியது இறக்குமதியால்தான். விலை ஏறிய காலத்தில் தடிப்பைக் குறைத்தும் டெம்பர் செய்யாமலும் விற்கும் ஆசை யாருக்கும் வரலாம். அதனால்தான் மூலையைப் பார் என்று இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு

வீட்டில் இருக்கும் மேசையில் முத்திரை இல்லையா? தூக்கி எறியத் தேவையில்லை. யன்னலுக்கு ஒட்டும் தெளிந்த பாதுகாப்புப் படலத்தைப் பலகையின் அடிப்பக்கம் முழுவதும், ஓரம்வரை ஒட்டுவித்தால், உடைந்தாலும் துண்டுகள் அதில் தொங்கி நிற்கும். இல்லையென்றால் அடியில் அரை அங்குல பிளைவூட் வெட்டி வையுங்கள். சாதாரணக் கண்ணாடிமேல் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியையோ கேத்தலையோ நேரே வைக்காதீர்கள்; ஏறத்தாழ 40 பாகை வித்தியாசமே அதற்குக் கூட. டெம்பர் 200 பாகைவரை தாங்கும். அதற்கும் ஒரு பனையோலைத் தட்டு வைப்பது கைக்கு நல்லது.

வெட்டுப்பட்டால், உள்ளே ஏறி நிற்கும் துண்டை இழுத்தெடுக்க வேண்டாம். அதுவே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிவரச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையோ காலோ நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, 1990க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ்.

புது மேசை வரும் நாளுக்கு ஒரு கடைசிக் காரியம் இருக்கிறது. பட்டினத்திலிருந்து லொறியிலோ ஓட்டோவிலோ வருகிற கண்ணாடியைப் படுக்கையாகக் கிடத்தி ஏற்ற விடாதீர்கள். குழியில் விழுந்தால் நடு வளைந்து தெறிக்கும். செங்குத்தாக, மெத்தைக்கோ மடித்த சாக்குக்கோ மேல், கயிறு போட்டு நிற்க வேண்டும். வந்ததும் பொதியை வாசலிலேயே பிரித்து, நான்கு மூலையிலும் நான்கு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு நெல்மணி அளவு சிதைந்திருந்தாலும் துண்டில் கையெழுத்து வைக்காமல், லொறி நிற்கும்போதே திருப்பி ஏற்றிவிடுங்கள். உள்ளே எடுத்து வைத்துவிட்டு மறுநாள் தொலைபேசியில் சொன்னால், அந்தச் சிதைவு உங்கள் வீட்டில் வந்ததென்றுதான் பதில் வரும்.